நீர்க்கட்டியும் தாய்மையும்: ஒரு சிகிச்சை வளர்ந்த கதை

தமிழ்நாட்டில் நீர்க்கட்டி என்று எல்லோரும் சொல்லும் பாலிசிஸ்டிக் ஓவரி கோளாறு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் முடி வளர்வது, பரு, எடை கூடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை எல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. மெலிந்த பெண்களுக்கும் இக்கோளாறு உண்டு. குழந்தைக்காகக் காத்திருப்பவரை வாட்டுவது, மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெடிக்காமல் போவதுதான். ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறு கட்டிகள், பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகள். ஆக, முட்டைக்குப் பஞ்சமில்லை. வெளியே வர வழிதான் இல்லை. இது மருத்துவர்களுக்குப் புரியவே நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்கள் சுமந்த பழிச்சொல்லுக்கு எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை.

இத்தாலியின் அந்தோனியோ வாலிஸ்னேரி 1721-லேயே ஒரு விவரத்தை எழுதி வைத்தார். மணமாகியும் பிள்ளையில்லாத, சற்றுப் பருத்த உடலுடைய ஒரு விவசாயக் குடும்பப் பெண்ணின் சினைப்பைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக, புறா முட்டை அளவில், வெளுத்து, மேடு பள்ளமாக இருந்தன என்பது அவர் குறிப்பு. 1844-இல் பிரான்சில் ஷெரோ இதே மாற்றங்களை விவரித்தார். பார்த்தவர்கள் இருந்தார்களே ஒழிய, காரணம் சொன்னவர் இல்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பலவிதக் குறைபாடுகளுக்கும் சினைப்பையையே அறுத்தெடுக்கும் வழக்கம் பரவியது. பிள்ளை வேண்டி வந்தவருக்கு அதனால் என்ன பயன்?

திருப்பம் சிகாகோவில் வந்தது. அங்குள்ள மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள் வேலை பார்த்தார்கள். அல்ட்ராசவுண்டு இல்லாத காலம். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி, அதன் பின்னணியில் கருப்பையும் சினைப்பைகளும் நிழலாகத் தெரியும்படி எக்ஸ்ரே எடுப்பதில் ஸ்டைன் கைதேர்ந்தவர். அப்படி எடுத்த படங்களில் சில பெண்களின் சினைப்பை மிகவும் பெருத்துத் தெரிந்தது. வயிற்றைத் திறந்து, சோதனைக்காக அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார்கள். நோயறியத்தான் வெட்டினார்கள்; ஆனால் அதன் பிறகு, நின்றிருந்த மாதவிலக்கு தானாகத் திரும்பியது. சினைப்பையின் தடித்த மேலுறை முட்டையை வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். பிறகு இதையே சிகிச்சையாக்கி, இரு சினைப்பைகளிலும் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துத் தைத்தார்கள். 1935-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவர்கள் ஏழே பெண்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு சீரானது, இருவர் கருவுற்றார்கள். நோய்க்கு ஸ்டைன்–லெவெந்தால் என்ற பெயர் நிலைத்தது.

ஆப்பு அறுவையால் தாயானவர்கள் ஏராளம். ஆனால் அதே கத்தி இன்னொரு கதவை மூடவும் செய்தது. வெட்டிய இடத்தில் தழும்பு கட்டி, குடலும் கருக்குழாயும் சினைப்பையோடு ஒட்டிக்கொண்டன. முட்டை வெடித்தாலும் குழாய்க்குள் போகாத புது மலட்டுத்தன்மை சிலருக்கு வந்தது. மாத்திரைகள் வந்ததும் இந்த அறுவை ஒதுங்கியது. பின்னர் நார்வேயின் ஹால்வார்ட் யோன்னெஸ், லேப்ராஸ்கோப் வழியே சினைப்பையில் மின்சூட்டால் சில துளைகள் மட்டும் இடும் முறையை 1984-இல் வெளியிட்டார். ஒட்டுதல் குறைவான அந்த முறை, மருந்துக்கு மசியாத சிலருக்கு இன்றும் செய்யப்படுகிறது.

முதல் மாத்திரையின் பெயர் குளோமிஃபீன். அமெரிக்காவின் மெரல் நிறுவனத்தில் 1956-இல் உருவானது. எலிகளுக்குக் கொடுத்தபோது அது முட்டை வெளியாவதைத் தடுத்தது. கருத்தடைக்கு உதவுமோ என்ற எதிர்பார்ப்பும் எழுந்தது. பெண்களிடம் நடந்ததோ நேர்மாறு. ஜார்ஜியாவில் ராபர்ட் கிரீன்பிளாட் குழு 1961-இல் வெளியிட்ட அறிக்கையில், முட்டை வெடிக்காதிருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த மாத்திரையால் வெடித்தது. உடலில் ஓடும் ஈஸ்ட்ரோஜனை மூளை உணராதபடி குளோமிஃபீன் மறைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று எண்ணும் மூளை, முட்டைப்பையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் சொல்கிறது. 1967-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் மாத்திரை என்னும் வழக்கம் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கான ஊசி மருந்தின் பிறப்பு இந்த வரலாற்றின் வியப்பான பகுதி. மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் முட்டையைத் தூண்டும் ஹார்மோன்கள் மிகுதியாக வெளியேறும். ரோமில் செரோனோ நிறுவனத்தின் வேதியியலாளர் பியேரோ டோனினி அவற்றைப் பிரித்தெடுக்கும் வழியை 1940-களின் இறுதியில் கண்டார். சில ஆண்டுகள் அதைக் கேட்பாரில்லை. புரூனோ லூனென்ஃபெல்டு என்ற இளம் மருத்துவர் அதைப் பெண்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனத்திடம் வாதாடினார். மருந்துக்கு வேண்டியது லிட்டர் லிட்டராகச் சிறுநீர்; கொடுப்பவர்களில் ஒருவர்கூடக் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது, இருந்தால் வேறு ஹார்மோன் கலந்து மொத்தமும் கெட்டுவிடும். போப்பின் உறவினரும் நிறுவனத்தோடு தொடர்புடையவருமான ஜூலியோ பச்செல்லி வழி காட்டினார். இத்தாலியின் கன்னிமடங்களில் வாழ்ந்த மூத்த கன்னியாஸ்திரிகளிடமிருந்து சிறுநீர் திரட்டப்பட்டு, ரோமிலுள்ள ஆலைக்கு லாரிகளில் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண்ணின் ஒரு முறைச் சிகிச்சைக்குச் சுமார் பத்துக் கன்னியாஸ்திரிகளின் பத்து நாள் சிறுநீர் தேவைப்பட்டது என்பார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962-இல் இஸ்ரேலில் பிறந்தது. துறவு பூண்ட பெண்கள் முகம் தெரியாத பெண்களுக்குத் தாய்மையைத் தந்தார்கள். மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான கொடை அரிது.

முதலில் பயன்பெற்றவர்கள் பிட்யூட்டரி சுரப்பி சரியாக இயங்காத பெண்கள். நீர்க்கட்டி உள்ளவர்களிடம் அதே ஊசி ஆபத்தாகவும் முடிந்தது. தயாராகக் காத்திருக்கும் பல பைகளும் ஒரே நேரத்தில் வளர, சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சிலர் உயிருக்கே போராடினார்கள். இரட்டை, மும்மைக் கர்ப்பங்களும் கூடின. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரம் வரை பொறுத்து, சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை லண்டனில் ஸ்டீபன் ஃபிராங்ஸ் குழுவினர் 1980-களில் வகுத்த பிறகே நிலைமை மாறியது. அதே காலத்தில் பரவிய அல்ட்ராசவுண்டும் துணை நின்றது. எத்தனை பை, எத்தனை மில்லிமீட்டர் என்று நாள்விட்டு நாள் அளந்து பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்டடி அன்று தொடங்கிய பழக்கம்.

இவ்வளவு நாளும் எல்லோர் கண்ணும் சினைப்பையின் மீதே இருந்தது. 1921-லேயே பாரிஸில் அஷார், தியேர் இருவரும் முகத்தில் முடி வளரும் பெண்களுக்குச் சர்க்கரை நோய் சேர்ந்து வருவதை எழுதியிருந்தார்கள். அந்த நூல் அறுபது ஆண்டு அறுந்தே கிடந்தது. 1980-இல்தான் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி மூவரும் இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் அளவும் ஆண் ஹார்மோன் அளவும் சேர்ந்தே உயர்வதைக் காட்டினார்கள். மிகுந்த இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. அந்த ஹார்மோன் முட்டைப்பையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு திரும்புவதன் காரணம் அப்போது விளங்கியது. 1994-இல் வெனிசுவேலாவில் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் கருவுற்றதும் உலகெங்கும் நம்பிக்கை பொங்கியது. நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பதை 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 626 பெண்களில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதத்தினரும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள்.

அடுத்து வந்தது மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோல். முட்டையை வெளிவரச் செய்வதில் அதன் பயனை டொராண்டோவில் மித்வாலி, காஸ்பர் இருவரும் 2001-இல் வெளியிட்டார்கள். குழந்தைக்கு ஊனம் வருமோ என்ற அச்சம் 2005-இல் எழுந்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த மறு ஆண்டு ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தியா 2011-இல் மலட்டுத்தன்மைக்கு அதைத் தரத் தடை விதித்தது. தடை நீடித்த நாளிலேயே, 2014-இல், 750 பெண்களிடம் நடந்த ஆய்வில் லெட்ரோசோலால் 27.5 சதவீதத்தினருக்கும் குளோமிஃபீனால் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது தெரிந்தது. 2017-இல் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிறந்த மருந்து கைக்கெட்டாமல் போன பெண்களை எண்ணும்போது அந்தத் தாமதம் பெரிய இழப்பு. 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் லெட்ரோசோலையே முதல் மருந்தாக வைத்தது.

இதற்கும் மசியாதவர்களுக்கு ஊசி, லேப்ராஸ்கோப் துளை, சோதனைக்குழாய் முறை என்று படிகள் உள்ளன. சோதனைக்குழாய் முறையில் கருவை உடனே வைக்காமல் உறைய வைத்து, வீங்கிய சினைப்பை அடங்கியபின் வைப்பது நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு நல்ல பலன் தருவதை, சீனாவில் 1,508 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. கரு தங்கிய பிறகும் இன்சுலின் கோளாறு விலகுவதில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையா வற்புறுத்தி வந்த எளிய சோதனை இங்கே இவர்களுக்கும் காவல்: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள், சர்க்கரை அளவு 140-ஐ எட்டினால் உணவுக் கட்டுப்பாடு அன்றே தொடங்கும்.