வாசலில் ஆடும் தோரணம்



திருவிழாவோ திருமணமோ, தோரணம் கட்டாத வாசல் நம்மிடையே உண்டா? ஆனால் தோரணம் என்ற சொல் முதலில் எதைக் குறித்தது தெரியுமா? கயிற்றில் தொங்கும் ஓலையை அல்ல, வாசலையே குறித்தது.

இந்தியாவில் சாஞ்சி என்னும் ஊரில், பெரிய பௌத்தத் தூபியைச் சுற்றி நான்கு கல் வாயில்கள் நிற்கின்றன. வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள். இரண்டு தூண்கள், குறுக்கே மூன்று உத்தரங்கள். மரவேலையைப் பார்த்து அப்படியே கல்லில் செய்தது. தெற்கு வாயிலில் விதிசா நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் தாங்கள் செதுக்கியதை எழுதியே வைத்திருக்கிறார்கள். இந்த வாயில்களுக்குத்தான் தோரணம் என்று பெயர். நம் ஆண்டாளும் தன் திருமணக் கனவைப் பாடும்போது, தோரணத்தைத் தொங்கவிட்டதாகப் பாடவில்லை; நாட்டியதாகவே பாடுகிறாள். நாட்டுவது கம்பத்தைத்தானே! வாயிலில் தொங்கிய இலைக்கும் பூவுக்கும் அந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

இலையும் பூவும் சீக்கிரம் வாடிவிடும். அதனால்தானோ என்னவோ, சிற்பிகள் கல்லிலும் மாலை கட்டினார்கள். ஆந்திராவின் அமராவதித் தூபியில், தடித்த நீண்ட மாலையை ஆட்கள் தோளில் சுமந்து போவதைச் செதுக்கியிருக்கிறார்கள். சோழர் கோயில் தூண்களை அண்ணாந்து பார்த்தால், அங்கேயும் மாலைத்தொங்கல் இருக்கும்.

மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவர்கள் கல்லையா தூக்கி வந்தார்கள்? கைவேலையைக் கொண்டு வந்தார்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால், முதல் நாளே குருத்தோலை வெட்டியாகணும். விவரம் தெரிந்தவர்தான் மரம் ஏறணும்; குருத்தை அடியோடு வெட்டிப்புட்டா தென்னையே பட்டுப்போகும். ஓலையை ஈர்க்கு நீக்கிக் கிழித்து, மடித்து, கயிற்றில் வரிசையாகக் கோக்க வேண்டும். நல்ல காரியத்துக்கு ஒரு மடிப்பு, துக்க வீட்டுக்கு வேறு மடிப்பு. மாற்றிக் கட்டினால் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? (மலாய் நண்பர்கள் கெத்துப்பாட் பின்னுவதும் இந்தத் தென்னங்குருத்தில்தான்.) பிறகு வாசலின் இருபுறமும் வாழைமரம் கட்டி, நடுவே அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். பாருங்கள், இரண்டு தூண், குறுக்கே ஓர் உத்தரம்! பழைய தோரண வாயில் இன்னும் போகவில்லை.

இப்போது கடையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கிடைக்கிறது. வாடாது, வேலையும் மிச்சம். வேலைக்கு ஓடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை மாட்டுவதற்கு ஓர் ஆணி போதும், மடிக்கத் தெரிந்த விரல் தேவையில்லை. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டிக்கு ஓலை மடிக்கத் தெரியுமென்றால், இரண்டு மடிப்பையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. குருத்தோலை கிடைக்காவிட்டால் பழைய தாளிலேயே பழகலாம்.