அவைக்கு வந்த குரல்கள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டிக் காளப்பநாயக்கன்பட்டியை நெருங்கும்போதே கொல்லிமலை எதிரே வந்து நிற்கும். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வல்வில் ஓரி ஆண்ட நாடு. ஓரியைப் பாடியவர்கள் வன்பரணரும் கழைதின் யானையாரும். ஆனால் இந்த மலையைச் சுற்றி நடந்த அரசியலுக்குள் நேரே போய் நின்று பேசிய புலவர் ஒரு பெண்.

ஔவையாரைப் புரந்தவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமான் ஒருவனை வென்றது கொல்லிக் கூற்றத்தில் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்கிறது. அஞ்சிக்காக அவன் எதிரியான தொண்டைமானிடம் ஔவை தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். எல்லாம் துடைத்து, நெய் தடவி, அலங்கரித்து வைக்கப்பட்டிருந்தன. புகழ்வதுபோலவே தொடங்கிய ஔவை, தன் தலைவனின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடித்தார். எவனுடைய ஆயுதம் களம் கண்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியிருக்கும். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. எதிரியின் அரண்மனையில், எதிரியின் முகத்துக்கு நேரே, ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த பாட்டு.

சங்கப் பெண்பாற் புலவர்களில் அதிகம் பாடியவரும் அவரே, 59 பாடல்கள். பதிற்றுப்பத்தில் கிடைத்துள்ள எட்டுப் பத்துகளில் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு அணிகலன் செய்ய ஒன்பது கா பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்கிறது பதிகம்.

அந்த அரசவை பிறகு பெண்ணுக்கு எளிதில் திறக்கவில்லை. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் இறைவன் முன்னே பாடினார்கள். மற்றபடி பெண்ணின் பாட்டு தொட்டிலடியிலும் வயலிலும் இழவு வீட்டிலும்தான் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் பாடியவள் பெயரை யாரும் கேட்காத கவிதைகள்.

அரபு மண்ணின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஏழாம் நூற்றாண்டின் அல்-கன்ஸா, கொல்லப்பட்ட தன் சகோதரர்களுக்காகப் பாடிய இரங்கற்பாக்களால் புகழ் பெற்றவர். உக்காழ் சந்தையில் கவிஞர்கள் கூடும் அரங்கில் அவர் பாடியதாக மரபு சொல்கிறது. நம் ஊர் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றமாட்டார். அங்கேயும் சபையில் பாட ஒரு பெண்ணுக்கு முதலில் கிடைத்த உரிமை, செத்தவர்களுக்காக அழும் உரிமைதான்.

உயிரோடிருப்பவர்களைக் கேள்வி கேட்கும் கவிதையோடு ஒரு பெண் மேடையேறியபோது அரபுலகம் அதிர்ந்தது. 2010இல் அபுதாபியின் ‘மில்லியன் கவிஞர்’ தொலைக்காட்சிப் போட்டி. பாலைவன மக்களின் பேச்சுமொழியில் அமைந்த நபதிக் கவிதைக்கான மேடை அது. சவூதி அரேபியாவின் ஹிஸ்ஸா ஹிலால் கறுப்பு அங்கிக்குள், கண்கள் மட்டும் தெரிய வந்து நின்றார். மக்களை அச்சுறுத்தும் ஃபத்வாக்களைச் சாடி அவர் பாடிய கவிதைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் அடுத்த சுற்றுக்கும் வந்தார். அப்போட்டியின் இறுதிச் சுற்றை எட்டிய முதல் பெண் என்ற பெயரோடு மூன்றாம் இடம் பெற்றார். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் குரலை வீடு வீடாகக் கேட்டார்கள். மறு ஆண்டு லண்டனில் பாலஸ்தீனக் கவிஞர் ரஃபீஃப் ஸியாதா, ஒரு பத்திரிகையாளர் தம்மிடம் கேட்ட கேள்வியையே கவிதையாக்கி மேடையில் சொன்னார். அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது.

ஹிஸ்ஸாவின் முகம் தெரியாத குரலை நினைக்கையில் துவரங்குறிச்சி நினைவுக்கு வராமல் போகாது. திருச்சி மாவட்டத்தின் அந்த ஊரில் பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, வீட்டுக்குள்ளேயே வாசித்து வளர்ந்தார். மணமான பிறகு எழுதுவதே குற்றமானது. கிடைத்த தாளில், குளியலறையில் நின்றுகொண்டு எழுதினார். எழுதியதை ஒளித்து வைத்தார். அம்மாவின் உதவியோடு அவை வீட்டை விட்டு வெளியேறின. அச்சில் வந்த பெயர் சல்மா. 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பேரூராட்சித் தலைவர் பதவிக்கு அவர் போட்டியிட நேர்ந்ததும் புனைபெயரின் முகம் ஊருக்குத் தெரிந்தது. 2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார்.

சல்மாவுக்கு முன்பும் தமிழ் முஸ்லிம் பெண்கள் பாடாமல் இருந்த காலமே இல்லை. கீழக்கரை ஆசியா உம்மாவின் ஞானப் பாடல்கள் அதற்குச் சான்று. இலங்கையின் சாய்ந்தமருதிலிருந்து எழுதும் அனார், ‘எனக்குக் கவிதை முகம்’ என்ற தொகுப்பை 2007இல் தந்தவர். அதோடு அவர் நிற்கவில்லை. கிழக்கிலங்கையில் வாய்வழியாக வாழும் ‘கவி’ப் பாடல்களைத் திரட்டி ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என நூலாக்கினார். புகழ் பெற்ற ஒரு கவிஞர் தனக்கு முன்னே பெயரில்லாமல் பாடியவர்களின் வரிகளைத் தேடிப் போய்ச் சேர்த்தது, என் பார்வையில், அவருடைய சொந்தத் தொகுப்புகளுக்குச் சற்றும் குறையாத பணி.

அந்தப் பணி கொல்லிமலையிலும் காத்துக்கிடக்கிறது. சாமைக் காட்டில் களையெடுக்கும் பெண்களின் பாட்டும், அடிவார ஊர்களின் கிழவிகள் நெஞ்சில் வைத்திருக்கும் ஒப்பாரியும் அவர்களோடே போய்விடக் கூடாது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டி உண்டு. அதே நாட்களில் ஒரு மாலைப் பொழுதைப் பெண்களின் கவியரங்கத்துக்கு ஒதுக்கலாம். பள்ளி மாணவி தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைத் தானே வாசிக்கட்டும்; பாட்டி தன் பாட்டைத் தானே பாடட்டும். பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். காளப்பநாயக்கன்பட்டி ஆசிரியர்கள் இந்த ஆடியிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.