நீட் தேர்வை மீண்டும் எழுதினால் மருத்துவச் சேர்க்கையில் பாதிப்பு உண்டா?

புதுதில்லி: இளநிலை மருத்துவப் படிப்புகளுக்கான நீட் தேர்வை எழுத முயற்சி வரம்பு ஏதும் தற்போது இல்லை. மூன்று முறை மட்டுமே எழுதலாம் என 2017-இல் அறிவிக்கப்பட்ட கட்டுப்பாடு நிலைக்கவில்லை. பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என விதிக்கப்பட்ட உச்ச வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டது. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைவடைந்திருந்தால் போதும்.

கலந்தாய்வில் அந்த ஆண்டின் தரவரிசை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். இருவர் சம மதிப்பெண் பெற்றால் உயிரியல், வேதியியல், இயற்பியல் மதிப்பெண்கள் அந்த வரிசையில் ஒப்பிடப்படும். யார் எத்தனையாவது முறை எழுதினார் என்பது ஆராயப்படுவதில்லை. அதே வேளையில், முந்தைய ஆண்டு கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தாலும் அதனைக் கொண்டு இந்தியாவில் எம்.பி.பி.எஸ். இடம் கோர இயலாது. வெளிநாட்டில் மருத்துவம் பயில்வதற்கு மட்டும் தேர்ச்சி மூன்று ஆண்டுகள் செல்லும்.

ஆகவே, மறுமுயற்சியில் உள்ள இடர் தேர்வைவிடக் கையில் உள்ள இடத்தையே சார்ந்தது. பல் மருத்துவ இடம் கிடைத்தும் எம்.பி.பி.எஸ். கனவில் அதனைக் கைவிடுவோர், எந்தச் சுற்றில் விலகுகின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கச் சுற்றில் கட்டணமின்றி விலகலாம். கலந்தாய்வின் இறுதிக் காலியிடச் சுற்றில் இடம் ஒதுக்கப்பட்டும் சேராதோர் வைப்புத்தொகையை இழப்பதுடன், அடுத்த நீட் தேர்வை எழுதவும் தடை விதிக்கப்படுவதுண்டு. பாதியில் விலகுவோரிடம் ஒப்பந்தத் தொகை வசூலிக்கும் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.