வழுப்பட்டையும் விலகிய புள்ளியும்

பரிசோதனைத் தரவை வரைபில் குறிக்கும்போது ஒரு புள்ளிக்கு மேலும் கீழும் நீட்டி வரையப்படும் சிறு கோடு வழுப்பட்டை. அந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதை அது காட்டுகிறது. ஏனைய அளவீடுகளின் கூட்டத்தை விட்டுத் தொலைவில் விழுவது விலகிய புள்ளி. அதை வைப்பதா நீக்குவதா என்னும் கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

தோற்றம்

ஒரே விண்மீனைப் பலமுறை அளந்தாலும் ஒரே விடை கிடைப்பதில்லை. பொருந்தாத விடையைத் தள்ளிவிட்டு எஞ்சியவற்றின் இடையை எடுப்பதே 18ஆம் நூற்றாண்டு வானியலாளரின் வழக்கம். நோக்கும்போதே ஏதேனும் விபத்து நேர்ந்தது தெரிந்தால் மட்டுமே ஓர் அளவீட்டைத் தள்ளலாம் என்று 1777இல் டானியல் பெர்னூலி வாதிட்டார். 1805இல் லெஜாந்தர் இழிவு வர்க்க முறையை வெளியிட்டார். தரவுக்குப் பொருந்தும் கோட்டைத் தேட அது விலகலை வர்க்கிப்பதால், தொலைவிலுள்ள ஒற்றைப் புள்ளியே அந்தக் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். நீக்குவதற்கான முதல் கணித விதியை 1852இல் பெஞ்சமின் பீர்ஸ் வகுத்தார். 1863இல் சோவனே எளிய விதியொன்றைத் தந்தார். சிறு மாதிரிகளின் ஐயப்பாட்டைக் கணிக்கும் வழியை 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் கொசெட் காட்டினார்.

இந்தியாவில்

லாம்ப்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய பெரு முக்கோண அளவை வடக்கே நீண்டபோது, கலியான்பூருக்கும் கலியானாவுக்கும் இடைப்பட்ட அகலக்கோட்டு வேறுபாடு இரு வழிகளில் கணிக்கப்பட்டது. நில அளவை சொன்னதும் விண்மீன் நோக்கல் சொன்னதும் 5.24 விகலை முரண்பட்டன. நிலத்தில் அது ஏறத்தாழ 160 மீற்றர். அளந்தவரின் வழு என்று அதை ஒதுக்கியிருக்கலாம். 1855இல் கல்கத்தா மதகுரு பிராட், விண்மீன் நோக்கலுக்குச் செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலையின் ஈர்ப்பு சாய்ப்பதைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 15.9 விகலை, அதாவது முரண்பாட்டின் மூன்று மடங்கு. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த வேர் இருப்பதால் ஈர்ப்பு குறைகிறது என்று அதே ஆண்டில் வானியலாளர் ஏரி விளக்கினார். புவியோட்டின் சமநிலைக் கோட்பாடு பிறந்தது இந்த முரண்பாட்டிலிருந்துதான்.

1936இல் மகலனோபிஸ் தந்த தொலைவு அளவை மற்றொரு முக்கிய பங்களிப்பு. தனித்தனியே பார்த்தால் இயல்பாகத் தோன்றும் இரு அளவுகள் சேர்ந்து வரும்போது அரிதாக இருந்தால், அதை அது பிடித்துக்கொடுக்கும்.

புத்தளம் களப்பில்

விலகிய புள்ளியை அவசரப்பட்டு நீக்கக்கூடாது என்பதற்கு இலங்கையின் புத்தளம் களப்பு நல்ல சான்று. வடக்கே டச்சுக் குடா, போர்த்துக்கல் குடா வழியாகவே அது கடலுடன் நீர் மாற்றிக்கொள்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொண்டுவருகின்றன. வறண்ட மாதங்களில் ஆவியாதல் மேலோங்க, களப்பு கடலைவிட உவர்ப்பாகிறது.  அருளானந்தன், ரிட்பெர்க், செடர்லோவ், விஜேரத்ன ஆகியோர் 1995இல் ‘அம்பியோ’ இதழில் எழுதிய கட்டுரை களப்பை மிகையுவர்க் கழிமுகமாகவே ஆராய்கிறது.

கடல்நீரின் வழக்கமான உவர்ப்பு ஆயிரத்துக்கு 35. ஓர் எடுத்துக்காட்டுக்கு, களப்பில் நான்கு இடங்களில் 36, 37, 38, 51 என்று அளவு வந்ததாகக் கொள்வோம். இடை 40.5, நியம விலகல் ஏறத்தாழ 7. கடைசி எண்ணை நீக்கினால் இடை 37, நியம விலகல் 1. வரைபு அழகாகிவிடும். ஆனால் அந்த 51 நீரோட்டம் குறைந்த தென்கோடியில் எடுத்ததானால், அதுவே களப்பின் உண்மை. திறந்து வைத்த போத்தலில் நீர் ஆவியாகியிருந்தாலோ, உவர்ப்பை அளக்கும் கடத்துதிறன் மானி தவறாக அளவுதிருத்தப்பட்டிருந்தாலோ மட்டுமே அது நீக்கத் தக்க வழு. எண்ணை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. களக் குறிப்பேடு வேண்டும்.

வரையும் முறை

பட்டை எதைக் குறிக்கிறது என்று வரைபின் கீழ் எழுதவேண்டும். நியம விலகல் தரவின் சிதறலைக் காட்டும். அதை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு. இது இடையின் ஐயப்பாடு. மேற்சொன்ன நான்கு அளவுகளுக்கு முதலாவது 7, இரண்டாவது 3.5. எதுவென்று சொல்லாவிட்டால் வாசகர் ஏமாறுவார். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இன்னும் அகலமானது. சிறு மாதிரியில் இடையத்தையும் எல்லா அளவீடுகளையும் காட்டுவதே நேர்மை. 1977இல் டூகி பரப்பிய பெட்டி வரைபு, காலணைகளிலிருந்து காலணையிடை வீச்சின் ஒன்றரை மடங்குக்கு அப்பாலுள்ளவற்றைத் தனிப் புள்ளிகளாகக் காட்டுகிறது, எதையும் அழிப்பதில்லை.

அந்தாட்டிக்காவின் ஓசோன் துளையை 1985இல் பார்மன், கார்டினர், ஷாங்ளின் ஆகிய மூவரும் அறிவித்தபோது, நாசாவின் செய்மதித் தரவிலும் அந்தக் குறைந்த அளவுகள் ஐயத்துக்குரியவை என்ற குறியுடன் பதிவாகியிருந்தன. அழிக்காமல் வைத்ததால்தான் பின்னர் திரும்பிப் பார்க்க முடிந்தது.

நீக்கும் விதியை அளக்கத் தொடங்கும் முன்பே வகுக்கவேண்டும். நீக்கியவற்றின் எண்ணிக்கையையும் காரணத்தையும் வெளியிடவேண்டும். நீக்கும் முன்னும் பின்னும் கிடைத்த விடைகளை அருகருகே தரவேண்டும். காரணம் கண்டுபிடிக்க முடியாத புள்ளிக்கு வரைபில் இடம் உண்டு.