செகோகே: கெண்டையின் நோயும் கூட்டுப்புழுவின் எண்ணெயும்

பட்டு நூற்ற பின் மிஞ்சும் கூட்டுப்புழுவை மீனுக்குப் போடும் வழக்கம் சீனத்தின் மல்பெரிக் கரைக் குளங்களிலும் ஜப்பானின் நாகானோ மாநிலத்துச் சாகு வட்டாரத்திலும் நிலைபெற்றிருந்தது அறிந்த செய்தி. அந்த வழக்கத்தின் நிழலில் வந்த ஒரு நோயே இங்கு பொருள். ஜப்பானியப் பண்ணையாளர் அதைச் ‘செகோகே’ என்றனர். கெண்டையின் முதுகுத் தசை கரைந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிய, உடல் கத்தி அலகுபோல் ஒடுங்கிவிடும். பூச்சித் தீனியையும் மீனின் நலத்தையும் சேர்த்துப் பேசும் எவரும் இந்த நோயைக் கடந்தே போகவேண்டும். ஆனால் அது என்ன நோய் என்பதில் இரண்டு வாசிப்புகள் உள்ளன: கணையத்தில் தொடங்கும் நீரிழிவு என்பது ஒன்று, கெட்ட எண்ணெயால் வரும் தசைச் சிதைவு என்பது மற்றது.

1970இல் ஜப்பானிய ஆய்வாளர் யோகோத்தே ஒரு கட்டுரை வரிசை வெளியிட்டார். செகோகே, பண்ணைக் கெண்டையில் தானாகத் தோன்றும் நீரிழிவு என்பது அவர் முடிவு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நோயுற்ற மீனின் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்ததையும் சிறுநீரில் சர்க்கரை கசிந்ததையும் அவர் காட்டினார். கணையத் திட்டுகளின் பீட்டா செல்கள் சிதைந்திருந்தன. சிறுநீரகத்தின் குளோமருலஸிலும் விழித்திரையின் நுண்குழாய்களிலும் அவர் கண்ட மாற்றங்கள் மனித நீரிழிவு நோயாளியின் உறுப்புகளை நினைவூட்டின. பாலூட்டி இன்சுலினைச் செலுத்திப் பார்த்தார். அலோக்சான் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து நலமான கெண்டையில் நீரிழிவை உண்டாக்கியும் பார்த்தார். மீன் நோயியலில் இவ்வளவு முழுமையான உறுப்பாய்வு அக்காலத்தில் அரிது. கூட்டுப்புழுத் தீனியைச் சந்தேகிப்பதில் அவருக்கும் மறுதரப்புக்கும் பிணக்கில்லை. நோயின் இருப்பிடம் எது, கணையமா தசையா என்பதில்தான் பிணக்கு.

கணையம் என்ற விடையை நான் ஏற்கவில்லை. முதற் காரணம், சர்க்கரை ஏற்றம் மீனில் வலுவான சான்று அன்று. 1981இல் ஃபுருய்ச்சியும் யோனெயும் கெண்டை, சிவப்புக் கடற்பிரீம், மஞ்சள்வால் மீன் ஆகிய மூன்றுக்கும் குளுக்கோஸ் கொடுத்து ஒப்பிட்டனர். மூன்றில் கெண்டையே தேறியது. ஆயினும் பாலூட்டிகளோடு வைத்துப் பார்த்தால் அதுவும் சர்க்கரையை மெதுவாகத்தான் கையாள்கிறது. கூட்டுப்புழுவில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதை இங்கு யோகோத்தேவுக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும்; தீனியின் மாவே சர்க்கரையை ஏற்றியது என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது காரணம் அவருடைய அலோக்சான் சோதனையிலிருந்தே எழுகிறது. அலோக்சான் பீட்டா செல்லுக்குள் புகுந்து, தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கியே அதைக் கொல்கிறது. அப்படியானால் கணையத் திட்டுகளின் சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. உடலெங்கும் பரவிய ஆக்சிஜனேற்றச் சேதம் கணையத்தையும் தொட்டதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அலோக்சான் நுழையும் வழியில் கெட்ட எண்ணெயின் பெராக்சைடு நுழைவதில்லை என்பது உண்மை. ஆகவே என் வாசிப்பு ஊகம்தான். ஆனால் சோதனையின் முடிவை மாற்றாமலே எதிர் வாசிப்புக்கு இடம் கொடுக்கும் ஊகம்.

மறுதரப்பின் சான்று இதனினும் எளியது. கூட்டுப்புழுவின் உலர் எடையில் கால்பங்கும் அதற்கு மேலும் கொழுப்பு. அதில் லினோலெனிக் அமிலம் மிகுதி. காற்றும் வெப்பமும் பட்டால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் அது. 1966இல் ஹஷிமோட்டோவும் உடனாய்வாளர்களும் ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெய் கெண்டையில் தசைச் சிதைவை உண்டாக்குவதையும், வைட்டமின் ஈ அதைத் தடுப்பதையும் வெளியிட்டனர். என்னை நிறுத்திவைத்தது அதற்குப் பின் 1968இல் வதனபேயும் ஹஷிமோட்டோவும் எழுதிய கட்டுரை. பிற்காலத்தார் அதை அடிக்குறிப்பாகத் தாண்டிவிடுகிறார்கள். நச்சுக் கூறுகளைப் பிரித்தறிய அவர்கள் எடுத்தது கூட்டுப்புழு எண்ணெயை அன்று. கெடவிட்ட சவுரி மீனின் எண்ணெயை. கெண்டையின் தசை அப்போதும் சிதைந்தது. தீனியில் பூச்சியின் துகள்கூட இல்லை. அதன் புரதமும் இல்லை, கைட்டினும் இல்லை. நோய் மட்டும் வந்தது. குற்றவாளிகளின் பட்டியலிலிருந்து புழுவை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் வைக்கும் இந்தச் சோதனைக்கு யோகோத்தேயின் வாசிப்பில் நேரான பதில் இல்லை.

நோய் எப்போது தொடங்கியது? ஜப்பானின் பட்டுக்கூட்டு உற்பத்தி 1930 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் டன்னைத் தொட்டு உச்சம் கண்டது. புழுவே நஞ்சென்றால் அந்த ஆண்டுகளே செகோகேயின் பொற்காலமாக இருந்திருக்கும். ஆய்வாளர் கவனத்துக்கு அது வந்ததோ 1960களில். இடையில் மாறியது வளர்ப்பு முறை என்பேன். வயலிலும் மண்குளத்திலும் கெண்டை பாசியும் நத்தையும் சேறும் தின்று வைட்டமின் ஈயைத் தானே தேடிக்கொண்டது. ஓடுநீரிலும் வலைக்கூண்டிலும் நெருக்கி அடைத்தபின் கொட்டியதே உணவு. இதற்குச் சான்று மெலிது. முதுகு ஒடுங்கிய மீன் பட்டினியாலும் ஒடுங்கும் என்பதால், பெயரை மட்டும் வைத்து நோயின் முதல் ஆண்டைக் குறிப்பதும் இயலாது. ஆனால் கெண்டைத் தீனியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வைட்டமின் ஈ என்ற பிந்தைய அளவீடு இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. கொழுப்பு நீக்காத கூட்டுப்புழுவைத் தீனியில் 50 சதவீதம் வரை சேர்த்தும் சாதாக் கெண்டையின் வளர்ச்சி குன்றவில்லை என்று நந்தீஷா குழுவினர் இந்தியாவிலிருந்து 2000இல் எழுதியதும் அப்படியே. சோதனையின் காலம் பண்ணையின் காலத்தைவிடக் குறுகியது என்று யோகோத்தே தரப்பார் சொல்லலாம். சொல்லட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஏழு பூச்சியினங்களின் புரதத்தை மீன் தீனிக்கு அனுமதித்தது. பட்டுப்புழு 2021இல்தான் சேர்ந்தது. பட்டியல் இனத்தை வைத்துப் போடப்பட்டது, கொழுப்பின் தன்மையை வைத்தன்று. அந்த ஏழில் ஒன்றான கருப்புச் சிப்பாய் ஈயின் கொழுப்பில் லாரிக் அமிலமே பெரும்பங்கு. அது எளிதில் கெடாது. அந்த ஈயின் கொழுப்பு நீக்கிய புழுத்தூள் மீன்தூளில் 75 சதவீதத்துக்கு மேல் இடம்பிடித்தபோது ஜியான் கெண்டையின் குடற்சுவர் சிதைந்ததை 2017இல் சீன ஆய்வாளர் கண்டனர். அது வேறு உறுப்பு, வேறு காரணம். இரண்டையும் ‘பூச்சித் தீனியின் தீங்கு’ என்று ஒரே தலைப்பில் கட்டும் மதிப்பீடுகள் இரண்டையும் மறைக்கின்றன.

யோகோத்தேயிடம் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. விழித்திரையிலும் குளோமருலஸிலும் அவர் கண்ட நுண்குழாய் மாற்றங்களைத் தசைச் சிதைவு என்ற வாசிப்பு விளக்குவதில்லை. கெட்ட சவுரி எண்ணெய் தின்ற கெண்டையின் விழித்திரையும் அதே மாற்றங்களைக் காட்டினால் என் வாதம் நிற்கும். காட்டாவிட்டால் செகோகே என்ற ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் இருந்தன என்று ஏற்கவேண்டும்.