சிவப்பு என்னும் அளவுகோல்: வெயிலையும் தோலையும் அளந்த வரலாறு

நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் இரண்டு முன்கைகளையும் அருகருகே வைக்கச் சொல்லிப் பாருங்கள். சன்னல் பக்கம் இருக்கும் வலக்கை, இடக்கையைவிட ஒரு படி கறுத்திருக்கும். தோல் சற்றுத் தடித்து, கோடுகள் ஆழமாக விழுந்திருக்கும். ஆனால் அவருக்கு ஒருநாளும் தோல் சிவந்ததில்லை, கொப்புளம் வந்ததில்லை. ‘வெயில் நமக்கு ஒண்ணும் பண்ணாது சார்’ என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை, கை காட்டுவதும் பொய்யில்லை. வெயில் தோலுக்கு என்ன செய்கிறது என்பதை அறிவியல் இருநூறு ஆண்டுகளாக எந்த அடையாளத்தை வைத்து அளந்தது என்று பார்த்தால், இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், கேள்வி தொடங்கியதே கறுத்த தோலிலிருந்துதான். கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் வாங்கும். அப்படியிருக்க வெயில் கொளுத்தும் நாடுகளில் வாழ்வோரின் தோல் ஏன் கறுப்பாக இருக்க வேண்டும்? லண்டன் அறுவை மருத்துவர் எவரார்டு ஹோம் இதற்கு விடை தேடினார். வெறுங்கையையும் கறுப்புத் துணி மூடிய கையையும் வெயிலில் காட்டினார். துணிக்கு அடியில் வெப்பமானி ஏறியது, தோல் புண்படவில்லை. வெறுங்கைதான் வெந்தது. 1821இல் ராயல் சொசைட்டியின் இதழில் இது வெளியாயிற்று. தோலைச் சுடுவது வெப்பம் இல்லை, வெயிலில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று என்பதற்கு அது நல்ல சான்று. அந்த ‘வேறு ஏதோ’ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1801இல், ஜெர்மனியின் யெனா நகரில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெள்ளிக் குளோரைடு பூசிய தாள் விரைந்து கறுப்பதை அறிவியலாளர் ரிட்டர் பார்த்திருந்தார். ஹோமின் கையையும் ரிட்டரின் தாளையும் ஒருவரும் சேர்த்து யோசிக்கவில்லை.

அதைச் செய்தவர் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் எரிக் விட்மார்க், 1889இல். கார்பன் வில்விளக்கின் ஒளியை நீர் வழியே செலுத்தி வெப்பத்தைக் கழித்தார். எஞ்சிய ஒளி தோலைச் சிவக்க வைத்தது. இடையில் புற ஊதாவைத் தடுக்கும் வடிகட்டியை வைத்ததும் சிவப்பு வரவில்லை. அத்தகைய வடிகட்டிகளில் ஒன்று குயினின் கரைசல். இரண்டே ஆண்டில் ஃபிரீடரிக் ஹாமர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதே குயினினைத் தோலில் பூசி வெயிற்புண்ணைத் தடுக்க முயன்றார். மலேரியாக் காய்ச்சலுக்காக நீலகிரியில் தோட்டம் போட்டு வளர்த்த சிங்கோனாப் பட்டையின் சத்துதான் சன்ஸ்கிரீனுக்கும் முன்னோடி என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அந்தக் காலத்துச் சோதனைகளில் அழகானது நீல்ஸ் ஃபின்சனுடையது. டென்மார்க் மருத்துவரான அவர், தம் முன்கையில் கறுப்பு மையால் பட்டையாகப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். மையைக் கழுவியபோது பட்டை இருந்த இடம் வெள்ளையாக இருந்தது, இரு பக்கமும் சிவந்து பின்னர் பழுப்பேறின. அத்தோடு விடாமல், மை இல்லாமல் அதே கையை மறுபடி வெயிலில் காட்டினார். இம்முறை சிவந்தது முன்பு மை மூடியிருந்த பட்டை மட்டும். பழுப்பேறிய பகுதிகள் தாங்கிக்கொண்டன. தோல் தானே ஒரு மையைத் தயாரித்துப் பூசிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. ஒளியால் நோய் தீர்க்கும் முறைக்காக அவருக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மை மெலனின். மேல்தோல் செல்லுக்குள் அது உட்கருவின் வெளிப்பக்கத்தில், வெயில் வரும் திசையில், குடைபோலக் குவிந்து நிற்கும். குடையைத் தாண்டி வரும் புற ஊதா ‘பி’ கதிர் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களை ஒட்டிவிடுகிறது. செல் அந்த முடிச்சை வெட்டி எடுத்துச் சீர்செய்கிறது. சீர்செய்ய முடியாதவர்களுக்கு இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர், சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயை ஆராய்ந்து காட்டினார். மாலுமிகளின் தோலில் புற்று வருவதை ஹாம்பர்க்கில் தோல் மருத்துவர் உன்னா 1894லேயே எழுதியிருந்தார். டி.என்.ஏ. அளவில் காரணம் தெரிய முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

அளவுகோல் உருவானது இடைப்பட்ட காலத்தில். 1922இல் ஹவுசர், வாலே என்ற இரு ஆய்வாளர்கள் எந்த அலைநீளம் தோலை அதிகம் சிவக்க வைக்கிறது என்று அளந்தார்கள். உச்சம் 297 நானோமீட்டர் அருகே வந்தது. 1932இல் கோபன்ஹேகனில் கூடிய ஒளி மாநாட்டில் புற ஊதா ஏ, பி, சி என்று பிரிக்கப்பட்டது. சிவக்க வைப்பது ‘பி’ என்றானதும், தடுக்க வேண்டியதும் அதுதான் என்றாயிற்று. ‘ஏ’ தோலைப் பழுப்பாக்கும் நல்ல பிள்ளை என்று நெடுநாள் விட்டுவைக்கப்பட்டது. பழுப்பு நிறமே அழகு என்று ஐரோப்பியக் கடற்கரைகள் கொண்டாடத் தொடங்கிய காலம் அது. 1930களின் நடுவில் பிரான்சில் சந்தைக்கு வந்த ஆம்ப்ர் சோலேர் எண்ணெயும் எரியாமல் பழுப்பேற விரும்பியவர்களுக்கானதே.

பீஸ் பியூன் மலையேறும்போது தோல் வெந்துபோன அனுபவத்தால் வேதியியலாளர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1946இல் தம் பனிமலைக் களிம்பைக் கொண்டுவந்தார் என்பார்கள். 1956இல் ருடால்ஃப் ஷுல்ட்ஸே வகுத்த பாதுகாப்புக் கணக்கை, 1974இல் கிரைட்டர் எஸ்.பி.எஃப். என்ற பெயரில் பரப்பினார். டியூபின் மேல் நாம் பார்க்கும் எண் அதுதான். தன்னார்வலரின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் களிம்பைத் தடவி, செயற்கை வெயிலைக் காட்டி, மறுநாள் எந்த அளவில் முதல் சிவப்பு தெரிகிறது என்று பார்ப்பார்கள். களிம்பு இல்லாத தோலைவிட 30 மடங்கு தாங்கினால் எண் 30. மருந்துக்கடையில் ‘50 போட்டதுதான் ஸ்ட்ராங்’ என்று எடுத்து நீட்டுகிறார்கள்; நாமோ அந்த 2 மில்லிகிராமில் பாதிகூடப் பூசுவதில்லை. 30 என்பது சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும் 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கிறது. சண்டை அந்த ஒரு விழுக்காட்டுக்கு.

சிவப்பைப் பார்த்துத்தான் எண் என்றால், சிவப்பு பளிச்சென்று தெரியும் முதுகு வேண்டும். ஆகவே சோதனைக்கு வெளிறிய தோல் உள்ளவர்களையே எடுத்தார்கள். 1975இல் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை வகை பிரித்தபோதும் கேட்ட கேள்வி, வெயிலில் உங்கள் தோல் எரியுமா, பழுப்பேறுமா என்பதுதான். அவர் முதலில் நுணுக்கமாகப் பிரித்தது வெள்ளைத் தோலை; பழுப்பும் கறுப்பும் தனித்தனி வகைகளாக இடம்பெற்றது பின்னால். தமிழர்களில் பெரும்பாலோர் விழும் நான்கு, ஐந்து, ஆறாம் வகைகள் இந்த எண்ணின் பிறப்பில் கிட்டத்தட்ட இல்லை. கெட்ட எண்ணத்தில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. வெள்ளைத் தோலில் புற்றுநோய் மிகுதி; அவர்களுக்கு அவசரம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1992 முதல் 1,621 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து பார்த்து, தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குச் செதிள்செல் புற்று சுமார் 40 விழுக்காடு குறைந்ததை நிறுவியது பெரிய சாதனை. புறங்கையில் சிலிக்கோன் அச்செடுத்து, கோடுகளின் நெருக்கத்தைப் பார்த்து, தோல் முதுமையும் 24 விழுக்காடு குறைந்ததை அதே குழு 2013இல் காட்டியது.

‘ஏ’ கதிரின் கணக்கு தாமதமாகத்தான் தீர்ந்தது. அது கண்ணாடியைத் தாண்டும், அடித்தோல்வரை இறங்கும், கொலாஜனைச் சிதைக்கும். 28 ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் முகப்படம் 2012இல் மருத்துவ இதழில் வந்தது: சன்னல் பக்கத்து இடக் கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்கியது. அங்கே இடக் கன்னம், இங்கே வலக்கை. இந்தக் கதிரை அளக்கச் சிவப்பு உதவாது. ஜப்பான் 1996இல் ‘பி.ஏ.’ குறியைக் கொண்டுவந்தபோது அளவுகோலையே மாற்றியது: கதிர் பட்டுச் சில மணி நேரம் கழித்தும் நிற்கும் கறுப்பைப் பார்த்தது. டியூபில் எஸ்.பி.எஃப்.புக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறிகளை நாம் கண்டுகொள்வதே இல்லை. நம் தோலின் மொழியில் எழுதியது அதுதான்.

வெயிலைப் போலவே தோலைப் பாதிக்கும் புகையின் வரலாறு வேறு பாதையில் வந்தது. லண்டன் புகைபோக்கி துடைப்போரின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுக்குக் கரியே காரணம் என்று மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் 1915இல் முயல் காதில் தார் தடவித் தடவிப் புற்றை வரவழைத்தார்கள். அதன்பின் தோலுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு தொழிற்சாலைப் பேச்சாகவே நின்றது. தெருவில் நடப்பவர் கணக்கில் வரவில்லை. 2010இல் ஜெர்மனியின் ரூர் பகுதியில் 70 முதல் 80 வயதுள்ள 400 பெண்களை ஆராய்ந்தபோது, கரித்தூள் மிகுந்த இடங்களில் வாழ்ந்தவர்களின் முகத்தில் கரும்புள்ளிகள் கூடியிருந்தன. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் தோல் செல்லுக்குள் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற ஒன்றைத் தூண்டுகின்றன. புற ஊதா ‘பி’ படும்போது டிரிப்டோஃபேன் அமினோ அமிலம் உருமாறி அதே ஏற்பியைத் தூண்டுவதை 2007இல் டுசல்டார்ஃப் ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். இரு வழியாக வந்தாலும் தட்டுவது ஒரே கதவை.

மாசுக் காற்றிலுள்ள ஓசோன் மேல்தோலின் வைட்டமின் ஈ-யைத் தீர்த்துவிடுவதும் 1990களில் தெரிந்தது. வைட்டமின் சி சீரம் பேசப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். ஷெல்டன் பின்னலின் டியூக் பல்கலைக்கழகக் குழு, பி.எச். அளவு 3.5க்குக் கீழே இருந்தால்தான் வைட்டமின் சி தோலுக்குள் போகும் என்று காட்டியது. 2005இல், ஃபெருலிக் அமிலம் சேர்த்தால் சி, ஈ கூட்டின் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்றது. சோதனை பன்றித் தோலில். ‘மாசு எதிர்ப்பு’ என்று பெட்டியில் அச்சிடும் எல்லாவற்றுக்கும் இந்தத் தரத்தில் ஆதாரம் கேட்டால் கடை அலமாரி பாதி காலியாகிவிடும்.

கடைசித் திருப்பம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இருந்தது. 2010இல் டெட்ராய்ட் ஆய்வாளர்கள் புற ஊதா நீக்கிய வெறும் ஒளியைத் தோலில் காட்டினார்கள். வெளிறிய தோலில் ஒன்றும் ஆகவில்லை. நான்கு முதல் ஆறாம் வகைத் தோல் கறுத்தது, அந்தக் கறுப்பு எளிதில் போகவும் இல்லை. கன்னத்தில் மங்கு விழுந்த பெண்கள் ‘சன்ஸ்கிரீன் போட்டும் போகலையே’ என்று சொல்வதில் நியாயம் இருந்தது: நிறமில்லாத களிம்புகள் அந்த ஒளியை அப்படியே விடுகின்றன. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்கு நிறம் தரும் அதே பொருள். அது கலந்த களிம்பு தோலின் நிறத்தோடு ஒத்துப்போனால்தான் யாரும் தினமும் பூசுவார்கள். மாநிறத்துக்கு மேல் போனால் பொருந்தும் சாயல் கிடைப்பது இன்னும் அரிது. அந்த ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்ல, உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட எண் எதுவும் டியூபில் இன்னும் ஏறவில்லை.