கருக்காலமும் குழந்தையின் உடலியக்கமும்: அயோடின் ஆய்வுகள் உணர்த்தும் காலக்கெடு

குழந்தையின் தலை நிற்பது, தவழ்வது, நடப்பது, விரல்களைத் திறம்பட ஆள்வது ஆகியவற்றைப் பாதிக்கும் கருக்காலக் காரணிகளாக ஊட்டக்குறை, தொற்று, மது, குறைமாதப் பிறப்பு எனப் பல சொல்லப்படுகின்றன. ஆனால் எந்தக் காரணி என்பதோடு, கருவின் எந்தப் பருவத்தில் என்பதையும் கேட்டால்தான் அப்பட்டியல் தடுப்புக்கு உதவும். அயோடின் குறைபாடு இதற்குத் தெளிவான சான்று.

1966இல் பாப்புவா நியூகினியின் ஜிமி பள்ளத்தாக்கில் ஃபேரோ, பட்ஃபீல்டு, ஹெட்செல் ஆகியோர் குடும்பம் விட்டுக் குடும்பமாக அயோடின் எண்ணெய் ஊசியும் உப்புநீர் ஊசியும் போட ஏற்பாடு செய்தனர். பின்னர்ப் பிறந்த குழந்தைகளில், உப்புநீர்க் குழுவின் 534 பேரில் 26 பேருக்கும், அயோடின் குழுவின் 498 பேரில் 7 பேருக்கும் கிரெட்டினிசம் (அயோடின் குறையால் வரும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடு) இருந்தது. அந்த எழுவரில் அறுவரின் தாய்மார் ஊசி போட்டபோதே கருவுற்றிருந்தவர்கள். மருந்து ஒன்றே, கருத்தரிப்புக்கு முன்பா, பின்பா என்பதே விளைவை வேறுபடுத்தியது.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. தொடக்க மாதங்களில் கரு, அயோடினைக் கொண்டு தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சினையே நம்பியிருக்கிறது. அதன் சொந்தத் தைராய்டு சுரப்பி போதிய அளவில் சுரக்கத் தொடங்குவது கருக்காலத்தின் நடுப்பகுதியை ஒட்டியே. மூளை நரம்பணுக்கள் பெருகி இடம்பெயர்வதோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அப்போது நேரும் குறையின் கடுமையான விளைவே காது கேளாமையும் கால்களின் விறைப்பும்.

பாதிப்பு கண்ணுக்குத் தெரியும் நோயோடு முடிவதில்லை. அதே ஆய்வில், கிரெட்டினிசம் இல்லாத குழந்தைகளைக் கானலி குழுவினர் சோதித்து 1979இல் முடிவுகளை வெளியிட்டனர். மணி கோப்பதிலும் துளைப்பலகையில் முளைகளைச் செருகுவதிலும் உப்புநீர்க் குழுவினர் பின்தங்கினர். நலமாகத் தெரிந்த குழந்தைகளின் கைத்திறனிலும் குறை பதிந்திருந்தது.

தொடக்கப் பருவமே முக்கியம் என்பதற்கு ஒரு மறுப்பு எழலாம். தைராய்டுச் சுரப்பு சற்றே குறைந்த கர்ப்பிணிகளுக்கு லெவோதைராக்சின் (செயற்கைத் தைராக்சின்) அளித்த இரு பெரிய சோதனைகளில் (2012, 2017) குழந்தைகளின் நுண்ணறிவு உயரவில்லை. ஆனால் முதலாவதில் சிகிச்சை ஏறத்தாழ 13ஆம் வாரத்திலும், இரண்டாவதில் 17ஆம் வாரத்தை ஒட்டியுமே தொடங்கியது. தாமதமே தோல்விக்குக் காரணம் என்று இதைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. இலேசான குறை தீங்கற்றதாகவும் இருக்கலாம். எனினும் முந்தைய வாரங்களின் சிகிச்சை பயனற்றது என்று இம்முடிவுகளைக் காட்டி வாதிட இயலாது.

காலக்கெடு எப்போதும் தொடக்கத்திலேயே விழும் என்பதுமில்லை. 32 வாரத்துக்கு முன்பே பிரசவம் நெருங்கிய தாய்மாருக்கு மெக்னீசியம் சல்பேட் அளித்த 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சோதனையில், குழந்தைகளிடையே மிதமான அல்லது கடுமையான பெருமூளை வாதம், மருந்து பெறாத குழுவின் 3.5 விழுக்காட்டுக்குப் பதில் 1.9 விழுக்காடாக இருந்தது. அங்கே பயன் தந்தது பிரசவத்துக்கு முந்தைய குறுகிய நேரம்.

ஆகவே கர்ப்பப் பரிசோதனை தொடங்கியபின் தரும் சத்து அயோடினைப் பொறுத்தவரை காலம் கடந்ததாகலாம். கருவுறும் முன்பே எல்லாப் பெண்களையும் எட்டும் அயோடின் உப்பே முதன்மைத் தடுப்பு. அதன் பயனை மதிப்பிடுவோர் கிரெட்டினிசத்தை மட்டும் எண்ணாமல் குழந்தைகளின் கைத்திறனையும் அளக்க வேண்டும்.